நிழலை விட்டு விரட்டாமல்



நம் முன்னோர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தார்கள். அவற்றுள் இரவின் முற்பகுதியில் பனி விழும் காலம் முன்பனி. இரவின் பிற்பகுதியில் பனி இறங்கும் காலம் பின்பனி. தஹஜ்ஜுத் தொழுகைக்கு எழுவோர் இந்த வேறுபாட்டை ஏட்டைப் பார்த்து அறிய வேண்டியதில்லை. உளூச் செய்யக் குழாயைத் திறந்த கணமே கை சொல்லிவிடும். அண்மைச் சில ஆண்டுகளாக ஷஅபான் மாதம் இந்தக் குளிரின் கடைசி நாள்களை ஒட்டி வருகிறது. ரமழானுக்கு முன்னர் வீட்டைத் துப்புரவு செய்வதும், நோன்புக் கஞ்சிக்கான அரிசி பருப்பைச் சேர்த்து வைப்பதும் நம் இல்லங்களில் வழக்கம். அவற்றோடு, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒருநாள் சோலைக்காட்டுக்குள் நடந்து வருவதையும் நாங்கள் எங்கள் வழக்கங்களுள் ஒன்றாக்கிக்கொண்டோம். அந்த நடையில் கண்டவற்றையும், அதையொட்டி எங்கள் வீட்டில் எழுந்த ஒரு கேள்வியையும் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

சோலை என்பது

நாங்கள் செல்வது கோத்தகிரிக்கு அருகிலுள்ள லாங்வுட் சோலைக்கு. மேட்டுப்பாளையத்திலிருந்து மலைப்பாதையில் ஏறினால் ஏறத்தாழ 33 கிலோமீட்டரில் கோத்தகிரி வந்துவிடும். ஊரையும் தேயிலைத் தோட்டங்களையும் ஒட்டியே, சுமார் 116 ஹெக்டேர் பரப்பில், இந்தச் சோலை எஞ்சி நிற்கிறது. ஈரானின் ராம்சார் நகரில் 1971-ஆம் ஆண்டு கையெழுத்தான ஈரநில உடன்படிக்கையின் கீழ், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் 2024 ஜனவரியில் இது இடம்பெற்றது.

மரங்கள் அடர்ந்த காட்டை ஈரநிலம் என்பது ஏன் என்று எங்கள் மகன் கேட்டான். நல்ல கேள்வி. சோலை மரங்கள் மிக உயரமாக வளர்வதில்லை. கிளைகள் முறுக்கிக்கொண்டு, பாசியும் மரப்பாசியும் பெரணியும் போர்த்தி, ஒன்றோடொன்று தோள் சேர்த்து நிற்கும். அவற்றின் அடியில் பல ஆண்டுகளாக உதிர்ந்து மக்கிய இலைகள் மெத்தைபோல் கிடக்கின்றன. மழைக்காலத்தில் பெய்யும் நீரை அந்த மெத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழை ஓய்ந்த பிறகும் சிறுகச் சிறுக ஓடைகளில் விடுகிறது. கோடையிலும் நீலகிரி ஓடைகளில் நீர் கசிவதற்கு இதுவே காரணம். அவ்வாறு கசியும் நீர்தான் பவானியாகச் சமவெளிக்கு இறங்குகிறது. நம் வீட்டுக் குழாயில் உளூவுக்கு வரும் நீருக்கு ஒரு முகவரி எழுதச் சொன்னால், அதில் சோலை என்னும் சொல்லும் இடம்பெற வேண்டும்.

குளிரின் கடைசி நாள்கள்

இந்தப் பருவத்தில் போவதற்குக் காரணம் உண்டு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்துவிடுவதால் பாதை வழுக்காது. அட்டைகளின் தொல்லையும் பெரிதும் குறைந்திருக்கும். வானம் தெளிந்திருக்கும். பள்ளமான புல்வெளிகளில் விடியலில் உறைபனி வெள்ளை விரித்தாற்போல் படிந்து, வெயில் ஏறியதும் கரைந்து போகும். ரோடோடென்ட்ரான் மரங்களில் செந்நிறப் பூக்கள் கொத்துக் கொத்தாக மலர்ந்திருக்கும். நாவல் இனத்து மரங்கள் விடும் தளிர்கள் பச்சையாக இல்லாமல் செம்பு நிறத்தில் மினுங்கும்.

வடக்கிலிருந்து குளிருக்கு ஒதுங்க வந்த பறவைகள் இன்னும் திரும்பியிருக்க மாட்டா. அவற்றுள் ஒன்று காஷ்மீர் ஈப்பிடிப்பான். கட்டைவிரல் பருமனே உள்ள பறவை. ஆணின் தொண்டையும் மார்பும் செங்காவி நிறம். காஷ்மீரத்து மலைக்காடுகளில் குஞ்சு பொரித்து, 2,000 கிலோமீட்டருக்கும் மேல் பறந்து, குளிர்காலத்தை நீலகிரியிலும் இலங்கையின் மலைகளிலும் கழிக்கிறது. மார்ச் மாதம் வடக்கு நோக்கித் திரும்பும். அதற்கு வழிகாட்டும் வரைபடமோ வழித்துணையோ இல்லை. வானவெளியில் வசப்படுத்தப்பட்ட பறவைகளைப் பார்க்கவில்லையா, அவற்றைத் தாங்கிப் பிடித்திருப்பவன் யார் என்று குர்ஆன் நம்மிடம் கேட்கும் கேள்வியை வகுப்பறையில் விளக்குவதைவிட, இந்தச் சிறு உயிரை ஒரு கிளையில் காட்டி விளக்குவது எளிது.

சுப்ஹுத் தொழுகையை முடித்துக்கொண்டு வெளிச்சம் வந்ததும் நடக்கத் தொடங்குவோம். வனத்துறையின் அனுமதியும், அவர்கள் அமர்த்தித் தரும் வழிகாட்டியும் இன்றிச் சோலைக்குள் செல்லலாகாது. இம்முறை எங்களோடு வந்த வழிகாட்டித் தம்பி உள்ளூர்க்காரர். கழுத்தில் கேமராவுடன் துள்ளிக்கொண்டிருந்த எங்கள் மகளைப் பார்த்து, "பாப்பா, கேமரா அப்புறம். முதல்ல காது குடு" என்றார். நாங்கள் அனைவரும் நின்றோம். இரண்டு நிமிடம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, புதருக்குள்ளிருந்து யாரோ கூட்டமாகச் சிரிப்பதுபோல் ஓர் ஒலி எழுந்தது. அது நீலகிரிச் சிரிப்பான். கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவமும், செம்பழுப்பு வயிறும் கொண்ட பறவை. நீலகிரியும் அதையொட்டிய மலைகளும் தவிர உலகில் வேறெங்கும் காண முடியாதது. தலைக்கு மேலே ஒரு மலை அணில், நீண்ட வாலைத் தொங்கவிட்டபடி ஏதோ காயைக் கொறித்துக்கொண்டிருந்தது. கொறித்த துணுக்குகள் எங்கள் மகனின் தொப்பியில் விழுந்தன.

பாதை ஒரு சிறு திறப்பை அடைந்த இடத்தில் காட்டெருமைகள் மூன்று நின்றன. வழிகாட்டி கையை உயர்த்தி எங்களை நிறுத்தினார். கரிய உடல், முழங்காலுக்குக் கீழே நான்கு கால்களும் வெண்காலுறை அணிந்தாற்போல் வெளுத்திருந்தன. மூக்கிலிருந்து வெளிவந்த மூச்சு குளிரில் புகையாகத் தெரிந்தது. அவை எங்களைப் பார்த்தன. நாங்கள் அவற்றைப் பார்த்தோம். ஏறத்தாழ பத்து நிமிடம் ஒருவரும் பேசவில்லை. அவை மேய்ந்தபடியே மறுபுறம் இறங்கிய பிறகே வழிகாட்டி எங்களை நடக்கவிட்டார்.

நன்னிமாவின் கேள்வி

எங்கள் மகளுக்கு 14 வயது. அவளுடைய மாமா பயன்படுத்திய பழைய கேமராவும் 300 மில்லிமீட்டர் லென்ஸும் அவளுக்குக் கிடைத்த நாள்முதல், பறவைகளைப் படமெடுப்பது அவளுக்குப் பெரும் விருப்பமாகிவிட்டது. பள்ளியில் நடக்கவிருந்த இயற்கைப் புகைப்படக் கண்காட்சிக்குப் பெயரும் கொடுத்திருந்தாள். ஆனால் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு, அவளுடைய நன்னிமா அவளை அருகில் அமர்த்திக்கொண்டு கேட்டார்கள்: "உயிருள்ளதை உருவம் எடுக்கிறியே கண்ணு, மறுமையில அதுக்கு உயிர் கொடுன்னு கேட்டா என்ன பதில் சொல்லுவே?"

அவர்கள் கண்டிப்பதற்காகக் கேட்கவில்லை. உண்மையான அச்சத்தால் கேட்டார்கள். உருவம் சமைப்போர் பற்றிய நபிமொழியைச் சிறுவயதில் கேட்டு, வாழ்நாள் முழுவதும் அஞ்சி நடந்தவர்கள். மகள் அன்றிரவு கேமராவைப் பைக்குள் வைத்து மூடிவிட்டாள். போகலாம், ஆனால் படம் எடுக்க மாட்டேன் என்றாள். ஒருபுறம் பெரியவரின் இறையச்சம். மறுபுறம் படைப்பை உற்றுநோக்கும் ஆவல் அரும்பிவரும் ஒரு பெண்பிள்ளை. இரண்டுமே இறைவன் தந்த அருட்கொடைகள். ஒன்றைக் காக்க மற்றொன்றைக் கிள்ளி எறிவது சரியாகுமா என்று நாங்கள் கலங்கினோம்.

எங்கள் மஹல்லாவின் ஆலிம் ஒருவரை அணுகினோம். அவர் பொறுமையாக விளக்கினார். கையால் உருவம் வரைவதையும் சிலை வடிப்பதையும் குறித்த எச்சரிக்கைகள் நபிமொழிகளில் உள்ளன. கேமராவால் எடுக்கும் படம் அதில் அடங்குமா என்பதில் இக்கால அறிஞர்களிடையே இரு கருத்துகள் உண்டு. அது மனிதன் புதிதாகச் சமைத்த உருவம் அன்று. அல்லாஹ் படைத்ததன் நிழலைக் கண்ணாடிபோல் பிடித்து வைப்பதே என்று பலர் கூறுகின்றனர். தேவைக்கு மட்டுமே அனுமதி என்று கூறுவோரும் உள்ளனர். இவ்விரண்டையும் கூறிவிட்டு, அவர் மகளிடம் ஒன்றைக் கேட்டார்: எதற்காக எடுக்கிறாய், எப்படி எடுக்கிறாய்?

முதல் கேள்விக்கு மகளிடம் பதில் இருந்தது: காஷ்மீர் ஈப்பிடிப்பானைத் தன் வகுப்பில் ஒருவரும் கண்டதில்லை; காட்ட வேண்டும். இரண்டாம் கேள்விக்கு அவளிடம் அப்போது பதில் இல்லை. அதற்குரிய பதிலைச் சோலை கொடுத்தது.

நன்னிமாவும் ஆலிமின் விளக்கத்தைக் கேட்டார்கள். எடுக்கும் படங்களை வீட்டுச் சுவரில் மாட்டுவதில்லை என்னும் ஒரே நிபந்தனையோடு சம்மதித்தார்கள். அந்த நிபந்தனையை நாங்கள் மனநிறைவோடு ஏற்றுக்கொண்டோம்.

கூட்டுக்கு ஐந்து அடி தொலைவில்

காட்டெருமைகள் அகன்ற பிறகு, பாதையோரப் புதர் ஒன்றுக்குள் சிரிப்பான் ஒன்று அலகில் மரப்பாசியைக் கவ்விக்கொண்டு நுழைவதை மகள் கண்டாள். சிறிது நேரத்தில் வெளியே வந்தது; மீண்டும் பாசியோடு நுழைந்தது. கூடு கட்டிக்கொண்டிருந்தது. இந்தப் பறவைகளுக்குப் பிப்ரவரி முதலே இனப்பெருக்கக் காலம் தொடங்கிவிடும். கிளைகளை விலக்கி ஐந்து அடி உள்ளே சென்றால், பாசி மெழுகிய அந்தக் கிண்ணக் கூட்டைத் தெளிவாகப் படம் பிடித்திருக்கலாம். கண்காட்சியில் அதற்கு நிகரான படம் இருந்திருக்காது.

சற்றுத் தொலைவில் வேறு இருவர், நீண்ட லென்ஸுகளோடு நின்றிருந்தனர். அவர்களுள் ஒருவர் அலைபேசியில் பதிவுசெய்த பறவைக்குரலை ஒலிக்கச் செய்தார். ஒரு பறவை கிளைக்குக் கிளை தாவிப் பதற்றத்தோடு குரல் கொடுத்தது. கேமராக்கள் படபடவென ஒலித்தன. மகள் எங்களைத் திரும்பிப் பார்த்து மெல்லிய குரலில், "அவங்க எடுக்கிறாங்களே, நான் எடுத்தா என்ன?" என்று கேட்டாள்.

அங்கேயே ஒரு பாறையில் அமர்ந்து, அவளுக்கு இரண்டு செய்திகளைச் சொன்னோம்.

முதலாவது, அபூதாவூதில் பதிவாகியிருப்பது. அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிப்பது. ஒரு பயணத்தில் நபி (ஸல்) அவர்கள் சற்று அப்பால் சென்றிருந்தபோது, தோழர்கள் ஒரு சிறு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். தாய்ப்பறவை சிறகுகளை விரித்துக்கொண்டு தவித்தது. திரும்பி வந்த நபியவர்கள் அதைக் கண்டதும், இதன் பிள்ளைகளை எடுத்து இதனை வருத்தியவர் யார் என்று கேட்டு, குஞ்சுகளை அதனிடமே திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். ஒரு பெரும் சமுதாயத்தை வழிநடத்திச் செல்லும் பயணத்தின் நடுவே, ஒரு சிறு பறவையின் தவிப்பு அவர்களின் கண்ணுக்குத் தப்பவில்லை.

இரண்டாவது, மக்காவின் புனித எல்லையைப் பற்றியது. அங்கே மரங்களை வெட்டலாகாது. வேட்டைப் பிராணிகளை விரட்டலாகாது என்று நபியவர்கள் கூறினார்கள். இதனை இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். அவர்களின் மாணவர் இக்ரிமா (ரஹ்), விரட்டுவது என்றால் என்ன என்பதற்குக் கொடுத்த விளக்கம் புகாரியில் உள்ளது: நிழலில் படுத்திருக்கும் பிராணியை அங்கிருந்து அகற்றிவிட்டு, அந்த இடத்தில் நாம் இறங்கி அமர்வதே அது. அம்பு எய்வதைப் பற்றியோ பொறி வைப்பதைப் பற்றியோ இங்கே பேச்சில்லை. ஓர் உயிரை அதன் நிழலிலிருந்து நகர்த்துவதே விரட்டுவதாகும். இந்தச் சட்டம் ஹரம் எல்லைக்கு உரியது; நீலகிரிச் சோலைக்கு அன்று. எனினும், ஓர் உயிரின் நிம்மதியை எவ்வளவு நுட்பமாக மதிக்க வேண்டும் என்னும் ஒழுக்கப் பாடத்தை அது நமக்குக் கற்றுத் தருகிறது.

பிறகு, காரணங்களையும் எடுத்துரைத்தோம். கூட்டைச் சூழ்ந்திருக்கும் இலைகளே அதன் கதவு. நாம் கிளையை விலக்கினால், நாம் சென்ற பிறகும் அந்தக் கதவு திறந்தே கிடக்கும்; காக்கையும் வால்காக்கையும் அதன் வழியே பார்க்கும். அச்சுறுத்தப்பட்ட பறவை கட்டிக்கொண்டிருக்கும் கூட்டைக் கைவிட்டுப் போகலாம். முட்டையிட்ட பின்னராயின், தாய் அகன்றிருக்கும் நேரத்தில் இந்தக் குளிரில் முட்டைகள் ஆறிப்போகும். பதிவுசெய்த குரலைக் கேட்கும் பறவை, தன் எல்லைக்குள் எதிரி நுழைந்துவிட்டதாக எண்ணி, இல்லாத எதிரியைத் தேடி அலையும். இரை தேட வேண்டிய நேரமும் வலிமையும் வீணாகும். இன்னும் சில வாரங்களில் இமயமலை வரை பறக்கவிருக்கும் பறவைக்கு, ஒவ்வொரு பூச்சியும் பயணத்துக்கான கட்டுச்சோறு அல்லவா?

மகள் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பாசியைக் கவ்விக்கொண்டு பறவை மூன்றாம் முறையாகப் புதருக்குள் நுழைந்தது. அவள் லென்ஸின் மூடியை எடுத்து மூடினாள். "எப்படி எடுக்கிறேன்னு ஹஜ்ரத் கேட்டாங்கல்ல, இப்ப பதில் தெரியும்" என்றாள். வழிகாட்டித் தம்பி அந்த இருவரிடமும் சென்று ஏதோ பணிவாகப் பேசினார். அலைபேசியின் ஒலி நின்றது.

அன்று அவள் கொண்டுவந்த படங்களுள் கண்காட்சிக்குத் தேர்ந்தெடுத்தது, காஷ்மீர் ஈப்பிடிப்பானின் படம்தான். பாதையிலிருந்தே எடுத்தது. பறவை படத்தின் ஒரு மூலையில் சிறு பொட்டாகத் தெரிகிறது. பாசி படர்ந்த கிளைகளும் விலகும் மூடுபனியும் மீதி இடம் முழுவதையும் நிறைத்திருக்கின்றன. அதைக் கணினித் திரையில் கண்ட நன்னிமா, மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, "சுப்ஹானல்லாஹ், இவ்வளவு சின்னதா! இதுவா காஷ்மீர்லேர்ந்து வந்துச்சு?" என்று கேட்டார்கள். படம் சுவரில் ஏறவில்லை. ஆனால் நன்னிமா அதை மும்முறை காட்டச் சொல்லிப் பார்த்தார்கள்.

செல்ல விரும்பும் குடும்பங்களுக்கு

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தின் 40 வழித்தடங்களுள் லாங்வுட் சோலையும் ஒன்று, எளிய வழித்தடம். பிள்ளைகளும் நடக்கலாம். முன்பதிவு செய்து, வழிகாட்டியோடு மட்டுமே செல்லுங்கள். கோத்தகிரிப் பகுதியில் கரடியும் காட்டெருமையும் தோட்டங்கள் வரை வந்து போகின்றன.

மங்கலான நிறத்தில் ஆடை அணியுங்கள். வெள்ளைத் தொப்பியைப் பையில் வைத்துக்கொண்டு தொழும்போது அணியலாம். அன்று ஒருநாள் அத்தர் வேண்டாம். விலங்குகளின் மூக்கு நம் மூக்கைவிடக் கூர்மையானது. நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை உள்ளதால் எவர்சில்வர் குடுவையில் நீர் எடுத்துச் செல்லுங்கள். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில், அதாவது ஒரு லிட்டரைவிடக் குறைவான நீரில், உளூச் செய்தார்கள் என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி. எனவே ஒரு குடுவை நீர் ஒருவரின் உளூவுக்குப் போதும். பூமி முழுவதும் நமக்குத் தொழுமிடமாக ஆக்கப்பட்டுள்ளது. நாங்கள் சோலையை விட்டு வெளியே வந்து, தேயிலைத் தோட்டத்தின் ஓரம் விரிப்பை விரித்து லுஹர் தொழுதோம்.

படமெடுக்கும் பிள்ளைகளுக்கு: சோலைக்குள் எட்டு மணிக்கும் இருட்டாகவே இருக்கும். ஃபிளாஷ் போடாமல், ஐஎஸ்ஓவை 1600 அல்லது 3200-க்கு உயர்த்தி, மரத்தில் சாய்ந்து நின்று எடுங்கள். காட்டெருமை போன்ற கரிய விலங்கு சட்டத்தை நிறைக்கும்போது கேமரா ஏமாந்து படத்தை வெளுக்கச் செய்யும். வெளிச்ச அளவை ஒரு படி குறைத்துக்கொள்ளுங்கள். குளிரில் பேட்டரி விரைவில் தீரும். மாற்றுப் பேட்டரியை உள்சட்டைப் பையில் வையுங்கள். வெதுவெதுப்பான அறைக்குத் திரும்பியதும் கேமராவை உடனே வெளியே எடுத்தால் லென்ஸில் நீர் கோத்துக்கொள்ளும். அரைமணி நேரம் பைக்குள்ளேயே இருக்கட்டும். கூடுகளைப் படமெடுக்காதீர்கள், அரிய பறவை இருந்த இடத்தைச் சமூக வலைத்தளங்களில் குறிப்பிடாதீர்கள்.

பின்பனி முற்றினால் புல் காய்ந்து காட்டுத்தீக்கு ஏதுவாகிவிடும். தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் மாதம் மலையேறச் சென்றவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் தீயில் சிக்கி உயிரிழந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். 2025-இல் பிப்ரவரி நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை இந்த வழித்தடங்கள் மூடப்பட்டதும் அந்த அச்சத்தால்தான். ஆகவே தேதியை உறுதிசெய்துகொண்டு புறப்படுங்கள். அந்த ஆண்டு காட்டின் வாயில் அடைக்கப்பட்ட சில நாள்களிலேயே நமக்கு ரமழானும் பிறந்தது. நாம் உணவிலிருந்து விலகியிருந்த நாள்களில், காடு நம் காலடிகளிலிருந்து விலகி ஓய்வெடுத்தது.

பூமியில் ஊர்வனவும் சிறகடித்துப் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று சூரா அல்அன்ஆமின் 38-ஆம் வசனம் அறிவிக்கிறது. ஒரு சமுதாயத்தின் வீட்டுக்குச் செல்லும்போது ஸலாம் கூறி, அனுமதி பெற்று, குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் தங்காமல் திரும்புவது நம் மார்க்கம் நமக்குப் பழக்கிய ஒழுக்கம். சோலைக்கும் அதுவே பொருந்தும்.

படைப்பை நோக்கும் கண்களையும், நோக்கியதை நோகச் செய்யாத கைகளையும் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் வல்ல அல்லாஹ் அருள்வானாக. வரும் ரமழானை உடல்நலத்தோடும் தூய உள்ளத்தோடும் அடையும் நற்பேற்றை நம் அனைவருக்கும் வழங்குவானாக. ஆமீன்.